கை நீட்டாதீர்கள்: பெரும்பூனைகள் பற்றி வாசகர் கேள்விகள், கோத்தகிரி மருத்துவரின் பதில்கள்

(வனத்துறையிலும் சமவெளியில் ஒரு மீட்பு மையத்திலும் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர் நம் பத்தியாளர். இப்போது கோத்தகிரிக்குப் பக்கத்தில் வசிக்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புலி, சிங்கம், சிறுத்தை பற்றியே இருந்ததால் நாய், பசு, கோழி வளர்ப்பவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கவாத்து செய்யும்போது தேயிலைச் செடிகளுக்கு அடியில் மூன்று குட்டிகள் கிடந்தன. சிலர் சிறுத்தைக் குட்டி என்கிறார்கள், சிலர் பூனை என்கிறார்கள். மனிதக் கை பட்டுவிட்டால் தாய் ஏற்காது, நாமே பால் ஊற்றி வளர்த்துவிடலாம் என்று ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போகத் தயாராக நிற்கிறார். என்ன செய்வது, டாக்டர் ஐயா?
— தோட்டக் கண்காணிப்பாளர், குன்னூர்

பதில்: உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லச் சொல்லிவிட்டேன். பத்திரிகை அச்சாகும்வரை குட்டிகள் பட்டினி கிடக்க முடியாது. மற்ற தோட்டக்காரர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தாய்ச் சிறுத்தை குட்டிகளைக் கைவிட்டுப் போகவில்லை. இரை தேடிப் போயிருக்கிறது, அல்லது உங்கள் ஆட்களின் கத்திச் சத்தத்துக்குப் பயந்து பக்கத்துச் சோலையில் படுத்திருக்கிறது. இருட்டிய பிறகு வந்து ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வி வேறு இடத்துக்கு எடுத்துப்போகும். கை பட்டால் ஏற்காது என்பது வெறும் கதை. வனத்துறையினர் கையுறை போட்டுக் குட்டிகளைப் பரிசோதித்து, அதே இடத்தில் ஒரு பெட்டியில் வைத்து, கேமரா பொருத்திவிட்டு விலகிப் போவார்கள். தாய் வந்து எடுத்துக்கொண்டு போன சம்பவங்கள் பல உண்டு. குட்டிகள் கிடந்த தேயிலை வரிசையில் இரண்டு நாள் கவாத்தை நிறுத்தி வைப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடினால் தாய் வராது.

இன்னொன்று. நம் தோட்டங்களில் கிடைக்கும் குட்டிகளில் பல, சிறுத்தையே அல்ல. வீட்டுப் பூனை அளவே வளரும் சிறுத்தைப் பூனை என்ற காட்டு விலங்கின் குட்டியாக இருக்கும். பிறந்த சிறுத்தைக் குட்டி அரைக் கிலோவாவது இருக்கும். சிறுத்தைப் பூனைக் குட்டியோ நூறு கிராம் சொச்சம்தான். எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். சிறுத்தையை வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பால் ஊற்றி வளர்க்கத் துடிக்கும் அந்த நல்ல மனிதரிடம் இதைச் சொல்லுங்கள். பசும்பால் குடித்த குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரும். பிறகு எலும்பில்லாத கோழிக்கறி ஊட்டுவார். சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் எலும்பு வில்லாக வளையும். அன்போடு முடமாக்கப்பட்ட குட்டிகளுக்குச் சிகிச்சை செய்தவன் நான். அவற்றைத் திரும்பக் காட்டில் விட முடியாது.

கேள்வி: சென்ற கோடையில் குடும்பத்தோடு தாய்லாந்து போனோம். ஒரு புலிப் பூங்காவில் என் மகன் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்தான். நான் பெரிய புலியின் முதுகில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். அனாதைக் குட்டிகளைக் காப்பாற்றி வளர்ப்பதாகச் சொன்னார்கள். முதுமலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இந்த மாதிரி ஓர் இடம் இங்கே இல்லையே என்று தோன்றியது. புலி மிகச் சாதுவாக இருந்தது. மயக்க மருந்து கொடுத்திருப்பார்களோ?
— ஜவுளிக்கடை உரிமையாளர், கூடலூர்

பதில்: கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். வயிறு நிரம்பிய புலி பகல் பொழுதில் பெரும்பாலும் தூங்கும். வெயில் ஏறிய நேரத்தில் உங்களை உள்ளே விட்டிருந்தால் அதற்கு மருந்தே தேவையில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: போன வருடம் புட்டிப்பால் குடித்த குட்டிகள் இப்போது எங்கே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் இந்தத் தொழில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அந்நாட்டு வேளாண்துறை ஒரு வரையறை வைத்திருந்தது. 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியைப் பொதுமக்கள் கையில் கொடுக்கக் கூடாது, நோய் எதிர்ப்புச் சக்தி இல்லை. 12 வாரத்தைத் தாண்டினால் பல்லும் நகமும் ஆபத்து, அப்போதும் கூடாது. மிச்சம் இருப்பது 4 வாரம். வருடம் முழுவதும் கடை திறந்திருக்க வேண்டுமானால் வருடம் முழுவதும் புதுக் குட்டி வந்துகொண்டே இருக்க வேண்டும். காட்டில் தாய்ப்புலி குட்டிகளை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடவே வைத்திருக்கும். அதுவரை அடுத்த ஈற்று இல்லை. குட்டியைப் பிறந்தவுடன் பிடுங்கிவிட்டால் அது சீக்கிரமே மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் மூன்றரை மாதம்தான். எங்கிருந்து அத்தனை ‘அனாதைகள்’ வருகின்றன என்பது இப்போது புரிந்திருக்கும்.

அந்த நான்கு வாரம் முடிந்த குட்டி, அதன் பிறகு பதினைந்து இருபது வருடம் உயிரோடு இருக்கும். டிக்கெட் வாங்கித் தராத புலிக்கு யார் கறி போடுவார்? தென்னாப்பிரிக்காவில் சிங்கக் குட்டிகளைக் கொஞ்ச வெளிநாட்டு இளைஞர்கள் பணம் கட்டித் தொண்டு செய்யப் போனார்கள். வளர்ந்த சிங்கங்கள் வேலி போட்ட நிலத்தில் துப்பாக்கிக்காரர்களுக்கு விற்கப்பட்டன, எலும்பு கப்பல் ஏறியது. தாய்லாந்திலேயே, காஞ்சனபுரியில் பிக்குகள் நடத்திய புலிக் கோயிலை 2016இல் அரசு சோதனையிட்டபோது குளிர்சாதனப் பெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் இருந்தன. அங்கிருந்து மீட்ட 147 புலிகளில் 86 புலிகள் 2019க்குள் இறந்துவிட்டதாக அதிகாரிகளே அறிவித்தார்கள். நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்ததால் உடம்பு நொந்துபோனவை, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயில் மடிந்தன. அதாவது மீட்ட பிறகும் முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை.

நீங்கள் போன இடம் அதே மாதிரியா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் தொடவிடுகிற இடம் எதுவும் விலங்குக்காக நடத்தப்படுவதில்லை. இதில் எனக்கு விதிவிலக்கே கிடையாது. நோயும் இரு பக்கமும் தாவும். 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து உயிர் போனது. உடனே நம் தெப்பக்காடு முகாமில் 28 யானைகளுக்கும் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தார்களே, மறந்துவிட்டதா?

அந்தப் படத்தைக் கடையில் மாட்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கழற்றிவிடுங்கள். அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் விலாசம் கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் ரிசார்ட்டில் மக்காவ் கிளிகளும் இகுவானாவும் பதிவு செய்து வைத்திருக்கிறோம். அதேபோல வெளிநாட்டு இனம் என்று ஒரு ஜாகுவாரையோ சிறுத்தைப்புலிக் குட்டியையோ பதிவு செய்து விருந்தினர் பார்வைக்கு வைக்க முடியுமா?
— விடுதி உரிமையாளர், கொடைக்கானல்

பதில்: முடியாது. பொதுமக்கள் பார்க்க விலங்குகளை அடைத்து வைத்திருக்கும் இடம் எதுவானாலும், சட்டத்தின் கண்ணில் அது உயிரியல் பூங்கா. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடத்த முடியாது. சிறுத்தை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதைப் ‘பதிவு’ செய்கிற பேச்சுக்கே இடமில்லை.

சட்டத்தை விடுங்கள், சாப்பாட்டைப் பேசுவோம். பெரிய புலி ஒன்றுக்கு நாளைக்கு 6 கிலோ இறைச்சி என்று வையுங்கள், வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வருடத்துக்கு ஏறக்குறைய 1,900 கிலோ. அது 18 வருடம் வாழ்ந்தால் 34 டன். உங்கள் மலைப்பாதையில் மழைக்காலத்தில் மண் சரிந்தால் பால் வண்டியே வருவதில்லை. ஜாகுவாருக்கு இதைவிடக் குறைவு, ஆனாலும் டன் கணக்குதான். உங்கள் கிளிகளுக்கு நல்ல கூண்டு போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: மசினகுடியில் பிடிபட்ட டி23 புலியை மைசூருக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். சுட்டுக் கொன்றிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும், வாழ்நாள் சிறை அதைவிடக் கொடுமை என்கிறேன் நான். என் அண்ணன் மறுக்கிறான். யார் சொல்வது சரி?
— கல்லூரி மாணவி, உதகை

பதில்: உன் கேள்வியை நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அம்மா. முதலில் சட்டம். மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக்கூட, பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் உறுதி செய்தால்தான் சுடலாம். 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பகுதியில் மூன்று பேரைக் கொன்ற புலி சுடப்பட்டது. 2021இல் டி23 நான்கு பேரைக் கொன்றது, கால்நடைகளுக்குக் கணக்கில்லை. உயர் நீதிமன்றம் உயிரோடு பிடிக்கச் சொன்னது. கும்கிகள், மோப்ப நாய், ட்ரோன் என்று மூன்று வாரம் காட்டைச் சலித்து அக்டோபர் 15 அன்று பிடித்தார்கள். வயதான, காயம்பட்ட புலி. மைசூரு கூர்கள்ளியில் உள்ள மறுவாழ்வு மையத்துக்குப் போனது.

இப்போது என் கருத்து. கூண்டில் பிறந்த புலியும் காட்டில் வளர்ந்த புலியும் கூண்டை ஒன்றுபோல உணர்வதில்லை. இரை செழிப்பான காட்டில் பெண்புலி ஒன்றுக்கே 20 சதுர கிலோமீட்டர் அளவுக்கு எல்லை இருக்கும். ஏறத்தாழ 5,000 ஏக்கர். நம் நாட்டு உயிரியல் பூங்கா விதி ஒரு ஜோடிப் புலிக்குக் கேட்ட குறைந்தபட்சத் திறந்தவெளி 1,000 சதுர மீட்டர். நம் கணக்கில் 25 சென்ட், ஒரு நடுத்தரக் கேரட் தோட்டம். அலைந்து திரிய அதிக நிலம் தேவைப்படும் ஊனுண்ணிகள்தான் கூண்டில் அதிகமாக முன்னும் பின்னும் நடந்து தவிக்கின்றன என்று 2003இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். காட்டிலிருந்து வந்த சிறுத்தை, கம்பியைக் கடித்துக் கோரைப்பல்லை உடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உன் பேச்சில் நியாயம் உண்டு.

ஆனால் உன் அண்ணன் பக்கமும் ஒன்று இருக்கிறது. காயத்துக்கு மருந்து போட்ட பிறகு சாப்பிட ஆரம்பித்து, சில மாதத்தில் வெயில் காய்ந்துகொண்டு படுத்துவிடும் கிழட்டு விலங்குகளும் உண்டு. இளம் விலங்கென்றால் எனக்கு ரொம்பவும் சங்கடம். கிழப்புலியென்றால் கூண்டு அவ்வளவு மோசம் இல்லை. ஒவ்வொரு விலங்கையும் தனியாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் என்று அடித்துச் சொல்பவரை நம்பாதே, நீதிமன்றத்தில் வாதாடினாலும் சரி, டீக்கடையில் வாதாடினாலும் சரி.

கேள்வி: என் மகள் டெக்சாஸில் செவிலியராக இருக்கிறாள். அங்கே ஒரு புலிக் காப்பகத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். அமெரிக்காவில் வீட்டிலேயே புலி வளர்க்கிறார்களாமே, நிஜமா? அவள் பணம் அனுப்பும் இடம் உண்மையானதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, கோத்தகிரி

பதில்: நிஜம்தான், அம்மா. 2021 மே மாதம் ஹூஸ்டன் நகரில் ஒரு குடியிருப்புப் பகுதியில், வீட்டு முன் புல்வெளியில் புலி ஒன்று உலாவியது. வளர்த்தவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் இந்தியா! ஒரு வாரம் தேடி மீட்டு, அதே டெக்சாஸில் உள்ள பிளாக் பியூட்டி என்ற காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு அதிர்ஷ்டம் இருந்தது. 2011 அக்டோபரில் ஒஹாயோ மாநிலம் சேன்ஸ்வில் அருகே, பெரும்பூனைகளும் கரடிகளுமாக வளர்த்த ஒருவர் ஐம்பதுக்கு மேற்பட்ட கூண்டு விலங்குகளைத் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். இருட்டப் போகிற நேரம், பக்கத்தில் ஊர். போலீஸாருக்குச் சுடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. செத்துக் கிடந்தவற்றில் 18 புலிகளும் 17 சிங்கங்களும் இருந்தன. பதினெட்டுப் புலி என்றால் எவ்வளவு என்று காட்டைத் தெரிந்த நீங்கள் அறிவீர்கள்.

இவ்வளவு நடந்தும் நாடு முழுமைக்குமான தடை வர 2022 டிசம்பர் ஆகிவிட்டது. புதிதாக யாரும் வளர்க்க முடியாது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் 2023 ஜூன் 18க்குள் பதிவு செய்து, இனப்பெருக்கமோ விற்பனையோ செய்யாமல் அது சாகும்வரை வைத்துக்கொள்ளலாம். பொதுமக்கள் தொடுவதும் குற்றம். வளைகுடாவிலும் இதே கதைதான். காரில் முன் இருக்கையில் சீட்டாவை உட்கார வைத்து ஓட்டிய காலம் போய், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஐக்கிய அமீரகம் அதைத் தடை செய்தது. சோமாலிலாந்து வழியாகக் கடத்தப்படும் குட்டிகள் மட்டும் இன்னும் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன.

இனி உங்கள் மகளின் பணம். அந்த இடத்தில் கடைசியாக எப்போது குட்டி பிறந்தது என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். “எங்களிடம் பிறப்பதில்லை, ஆண்களுக்குக் கருத்தடை செய்துவிடுகிறோம்” என்று பதில் வந்தால் நல்ல அறிகுறி. “அழிந்துவரும் இனத்தைப் பெருக்குகிறோம்” என்று பெருமையாக எழுதினால் பணத்தை நிறுத்திவிடலாம். அங்கே பிறக்கும் புலி எந்தக் காட்டுக்கும் போகப் போவதில்லை, அடுத்த கூண்டுக்குத்தான் போகும். வாங்குவது, விற்பது, வாடகைக்குக் கொடுப்பது, சினிமாப் படப்பிடிப்புக்கு அனுப்புவது எதுவும் இருக்கக் கூடாது. விலங்குக்குக் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். பார்க்கப் போனவர்கள் “புலியே தெரியவில்லை, காசு தண்டம்” என்று புலம்பினால் எனக்கு அந்த இடத்தின் மீது மரியாதை கூடும். காப்பகங்களைச் சோதித்துச் சான்று கொடுக்க உலகக் காப்பகக் கூட்டமைப்பு என்று ஒன்று 2007 முதல் இருக்கிறது. அதன் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதையும் மகள் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு என்பதை அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்குகளைச் சர்க்கஸில் ஆட்டுவிக்க 1998இல் மத்திய அரசு தடை போட்டது. சர்க்கஸ்காரர்கள் வழக்காடித் தோற்றார்கள், 2001இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. வண்டலூர், பன்னேர்கட்டா, திருப்பதி, விசாகப்பட்டினம் என்று மீட்பு மையங்கள் அமைத்து அந்த விலங்குகளைக் கொண்டுவந்தார்கள். நான் வேலை பார்த்த மையத்துக்கு வந்த சிங்கம் ஒன்று, இரவுக் கொட்டிலின் கதவைத் திறந்துவிட்டால் வாசற்படிவரை வரும், வெளியே புல்லில் கால் வைக்காது. பிறந்ததிலிருந்து மண்ணை மிதித்ததில்லை. இரும்புத் தளமும் மரப்பலகையும்தான் அதற்குத் தெரியும். நகங்கள் தேய்ந்து, கோரைப்பல் முறிந்து, இடுப்பு வலியோடு இருந்தது. பராமரிப்பாளர் கறியைத் தினம் ஒரு சாண் தள்ளித் தள்ளி வைத்து வெளியே பழக்கினார். அப்படிச் சர்க்கஸிலிருந்து வந்த சிங்கங்களில் பல, ஆப்பிரிக்க, ஆசியச் சிங்கங்களின் கலப்பு. அதனால் அவற்றைப் பெருக்கவே கூடாது என்று முடிவு. ஆண்களுக்கு அறுவை செய்தோம். வயதாகி ஒவ்வொன்றாக இறந்தன, கொட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அலுவலகத்தில் யாரோ ஒரு பெரிய அதிகாரி “எண்ணிக்கை குறைகிறதே” என்று குறிப்பு எழுதினார். குறைவதற்காகத்தான் ஐயா இந்த மையம் என்று பதில் எழுதினேன். எனக்கு அந்தப் பதிலில் இன்றும் திருப்தி.

கேள்வி: வண்டலூரில் வெள்ளைப் புலியைப் பார்த்தோம். உலகில் மிகக் குறைவாக இருப்பதால் அதைத்தானே முதலில் பெருக்க வேண்டும்?
— ஆசிரியர், பழனி

பதில்: வெள்ளைப் புலி தனி இனம் இல்லை. நிறத்தைத் தரும் ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். 1951இல் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற குட்டியிலிருந்து தொடங்கியது இந்தக் கதை. சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. பிறகு மோகனை அதன் சொந்த மகளோடு சேர்த்தார்கள், 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அன்று தொடங்கிய உறவுமுறைக் குழப்பத்தால் மாறுகண் முதல் பல கோளாறுகள் வந்தன. அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம் 2011இலேயே தன் உறுப்பினர்களை வெள்ளைப் புலிப் பெருக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது. இருப்பவற்றை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2017இல் நீலகிரிக் காட்டில் வெளிறிய நிறப் புலி ஒன்றை ஒருவர் படம் எடுத்தார். அது வேறு. அது தானாகப் பிறந்து தானாக வேட்டையாடி வாழ்ந்தது.

கேள்வி: டாக்டர் தாத்தா, புலிக்குத் தன்னை வளர்ப்பவரை அடையாளம் தெரியுமா? நானும் புலி டாக்டர் ஆக வேண்டும்.
— ஏழாம் வகுப்பு மாணவன், கோத்தகிரி

பதில்: நன்றாகத் தெரியும் தம்பி. பிடித்தவர் வந்தால் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாகப் புர்ர்ர் என்று மெல்லச் செருமும். என்னைக் கண்டால் உறுமிவிட்டுக் கொட்டிலின் கடைசி மூலைக்குப் போய்விடும். ஊசி போடுகிறவனை அதற்கு இன்னும் நன்றாகத் தெரியும்! அப்படிச் செருமி வரவேற்ற பராமரிப்பாளரும் இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்க்காமல் கூண்டுக்குள் சுத்தம் செய்யப் போனதில்லை. ஒருமுறைகூட.

புலி டாக்டருக்கென்று தனிக் கல்லூரி இல்லை. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடு. கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை வருடம். நாமக்கல்லில் பழைய கல்லூரி இருக்கிறது, உடுமலைப்பேட்டையிலும் இப்போது வந்துவிட்டது. அதுவரை உங்கள் வீட்டு மாட்டுக்கு அடுத்த முறை தடுப்பூசி போட வரும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில். உதை வாங்காமல் நிற்கத் தெரிந்துவிட்டால் முதல் பாடம் முடிந்தது.